டிஷ்வாஷர் சரியாகக் கழுவவில்லையா? சர்வீஸுக்கு போன் போடும் முன் பார்க்க வேண்டியவை

தட்டில் பிசுக்கு போகவில்லை என்றதும் கை எங்கே போகும்? டிடர்ஜென்ட் அளவைக் கூட்டும் திருகுக்குத்தான். எனக்கும் அங்கேதான் போனது. கமர்ஷியல் டிஷ்வாஷரை ஓட்டும் இந்த வேலைக்கு வந்த புதிதில் மூன்று நாள் விடாமல் கூட்டிக்கொண்டே இருந்தேன். நான்காம் நாள் வந்த சர்வீஸ்காரர் மெஷினைத் திறக்கவே இல்லை. குனிந்து டிடர்ஜென்ட் கேனைத் தூக்கிப் பார்த்தார். கேன் முக்கால்வாசி நிறைந்திருந்தது. உள்ளே போகிற உறிஞ்சு குழாய் சுருண்டு, அதன் முனை திரவத்துக்கு மேலே நின்று காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. திருகை எவ்வளவு திருப்பினால் என்ன, போனது வெறும் காற்று.

அன்றிலிருந்து ஒரு வரிசை வைத்திருக்கிறேன். முதலில் தட்டு, அடுத்து தண்ணீர் போகும் வழி, அப்புறம் சூடு, அதற்கும் பிறகுதான் கெமிக்கல். திருகில் கை வைப்பது எல்லாவற்றுக்கும் கடைசி.

நான் சொல்லப்போவது ராக்கை, அதாவது தட்டுகள் அடுக்கிய கூடையைத் தள்ளிக் கதவை இறக்கும் கமர்ஷியல் மெஷினுக்கு. கவுண்டருக்குக் கீழே வைக்கும் சின்ன மெஷினுக்கும் பெரும்பாலும் பொருந்தும். வீட்டு டிஷ்வாஷர் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிதானமாகக் கழுவும். இது ஒரு ராக்கை ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் முடிக்கிறது. ஹெர்பர்ட் சின்னர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1959-இல் ஒரு கணக்கு சொன்னார்: சுத்தம் என்பது நேரம், சூடு, விசை, கெமிக்கல் என்ற நான்கின் கூட்டு, ஒன்று குறைந்தால் மற்றவை அதை ஈடுகட்ட வேண்டும். நம் மெஷினில் நேரம் ஏற்கெனவே குறைந்த இடத்தில் நிற்கிறது. அதனால் மற்ற மூன்றில் ஒன்று லேசாகத் தளர்ந்தாலும் அடுத்த ராக்கிலேயே தெரிந்துவிடும்.

தொடங்கும் முன்

கையை உள்ளே விடும் முன் மெயின் சுவிட்சை அணையுங்கள். சுழற்சி முடிந்தது என்பதற்காக மெஷின் தூங்கிவிட்டது என்று அர்த்தம் இல்லை. கதவை இறக்கினாலே ஓடத் தொடங்கும் மாடல்கள் இருக்கின்றன. டேங்க் தண்ணீர் தோலைச் சுடும் சூட்டில் இருக்கும், வடித்துவிட்டு ஆற விடுங்கள். கேனில் இருக்கும் டிடர்ஜென்ட் கடும் காரம், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கையுறையும் கண்ணாடியும் போடாமல் அந்தக் கேனைத் தொடாதீர்கள்.

படி 1: தட்டைப் படியுங்கள்

நோய்க்கு நாடி பார்ப்பது போலத்தான் இது. கழுவி வந்த ஒரு தட்டையும் ஒரு கண்ணாடி டம்ளரையும் எடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

உணவுத் துணுக்கு ஒட்டியிருந்தால் பெரும்பாலும் தண்ணீர் வேகமாக அடிக்கவில்லை. விரலால் தேய்க்கும்போது வழுக்கினால் அது எண்ணெய்ப் பிசுக்கு. சூட்டையும் டிடர்ஜென்டையும் பாருங்கள். நீலமும் ஊதாவுமாகப் பளபளக்கும் கோடுகள் இருந்தால் ரின்ஸ் எய்ட், அதாவது தண்ணீர் தட்டில் நிற்காமல் வழிந்தோட அலசலில் சேர்க்கும் திரவம், அதிகம்.

வெள்ளைப் படலம் என்றால்தான் எல்லோரும் குழம்புவார்கள். மூன்று வேறு வேறு கோளாறுகள் ஒரே மாதிரி வெள்ளையாகத் தெரியும். பிரித்தறிய எளிய வழி இருக்கிறது. படலத்தின் மேல் ஒரு சொட்டு வினிகர் விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடையுங்கள். சொட்டு விழுந்த இடம் மட்டும் வட்டமாகத் தெளிந்திருந்தால் அது கடினநீர் விட்டுப்போன சுண்ணாம்பு உப்பு. தெளியவில்லையா? வேறு தட்டில் ஒரு சொட்டு அயோடின் விடுங்கள். கருநீலமாக மாறினால் மாவுச்சத்து. இது ஒரே நாளில் வருவதில்லை. டிடர்ஜென்ட் பற்றாமல் வாரக்கணக்கில் ஓடியதால் அடுக்கடுக்காகப் படிந்தது. இரண்டுக்கும் அசையாமல், நகத்தால் வருடினால் லேசாகச் சொரசொரப்பாக இருக்கிறதா? கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கிறது. அதை எந்தக் கெமிக்கலும் திருப்பித் தராது, டம்ளரை மாற்றத்தான் வேண்டும்.

இந்தச் சோதனையைச் செய்யாமல் சுண்ணாம்புக்கு டிடர்ஜென்டைக் கூட்டியவர்களையும், அரித்துப்போன கண்ணாடியை வாரக்கணக்கில் ஆசிடில் ஊறப்போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். சோதித்த தட்டை மறக்காமல் மறுபடி கழுவுங்கள்.

படி 2: தண்ணீர் போகும் வழி

இந்த மெஷினுக்குள் தேய்க்க எதுவும் கிடையாது. 1886-இல் ஜோசஃபின் காக்ரேன் என்ற அமெரிக்கப் பெண்மணி காப்புரிமை வாங்கிய மெஷினும் பிரஷ் வைத்துத் தேய்க்கவில்லை, தண்ணீரை அழுத்தத்தோடு அடித்துத்தான் கழுவியது. அதை ஆரம்பத்தில் வாங்கியவர்களும் ஹோட்டல்காரர்கள்தான். அன்றும் இன்றும் வேலை செய்வது தண்ணீரின் அடி. அந்த அடி எங்கே குறைகிறது என்று தேட வேண்டும்.

டேங்கை வடித்துவிட்டு வடிகட்டித் தட்டுகளை வெளியே எடுங்கள். அவற்றுக்குக் கீழே பம்பின் வாயில் இன்னொரு சின்ன வடிகட்டி இருக்கும், புதியவர்கள் விட்டுவிடுவது அதைத்தான். அது அடைத்தால் பம்புக்குத் தண்ணீர் போதாமல் கரகரவென்று சத்தம் வரும்.

அடுத்து வாஷ் ஆர்ம், கழுவும் தண்ணீரை அடித்தபடி சுற்றும் கை. மேலே ஒன்று, கீழே ஒன்று. நடுவில் இருக்கும் மூடியைக் கையால் திருகினாலே பெரும்பாலும் கழன்றுவிடும். கழற்றியதும் காதருகே வைத்துக் குலுக்குங்கள். கலகலவென்றால் உள்ளே குப்பை. நான் எடுத்த ஒரு ஆர்மில் இரண்டு பல்குச்சி, ஒரு பாட்டில் லேபிள் துண்டு, ஏதோ பழத்தின் விதை. பல்குச்சி துளைக்குக் குறுக்கே படுத்துக்கொள்ளும், அதன் மேல் லேபிள் ஒட்டிக்கொள்ளும், அத்தோடு அந்த நாசில் அவ்வளவுதான். முனை மூடியைத் திறந்து, குழாயடியில் பிடித்து, உள்ளிருப்பதை வெளியே தள்ளுங்கள். நாசில் துளைகளை மரக்குச்சியால் குத்துங்கள். ஆணியோ ஸ்க்ரூடிரைவரோ வேண்டாம். துளை பெரிதானால் அழுத்தம் போய்விடும்.

அலசல் தண்ணீரை அடிக்கும் மெல்லிய ரின்ஸ் ஆர்மில் உணவு அடைப்பு அரிது, சுண்ணாம்பு அடைப்புதான். அதை இறக்கி உப்பு நீக்கும் திரவத்தில் ஊறவைக்க வேண்டும்.

திரும்ப மாட்டியதும் ஆர்மை விரலால் ஒரு சுண்டு சுண்டுங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும். ராக்கிலிருந்து தொங்கும் ஒரு கரண்டி இடித்தாலும் ஆர்ம் நின்றுவிடும், அந்த ராக்கில் ஒரு பக்கம் மட்டும் அழுக்கோடு வரும்.

எல்லாம் சுத்தம், ஆனாலும் அடி பலவீனமா? சமீபத்தில் யாராவது மின் வேலை செய்தார்களா என்று கேளுங்கள். மூன்று பேஸ் மோட்டாரில் இரண்டு வயர் இடம் மாறினால் பம்ப் எதிர்த்திசையில் சுற்றும். அப்போதும் தண்ணீர் வரும், ஆனால் சோர்ந்துபோய் வரும். இதைச் சரிசெய்ய எலக்ட்ரீஷியன் வேண்டும்.

டேங்கில் நுரை பொங்கினாலும் அழுத்தம் விழும், பம்ப் தண்ணீரோடு காற்றையும் இழுப்பதால். முதல் சந்தேகம் கையால் கழுவும் சோப்பு. ஊறவைக்கும் தொட்டியிலிருந்து தட்டோடு ஒட்டி வந்திருக்கும். டேங்க் சூடாகும் முன்பே ஓட்டத் தொடங்கினாலும் நுரைக்கும், மெஷின் டிடர்ஜென்டில் இருக்கும் நுரையடக்கி சூட்டில்தான் வேலை செய்யும்.

படி 3: சூடு

முதலில் உங்கள் மெஷின் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள், உடம்பில் ஒட்டியிருக்கும் உலோகத் தகட்டில் எழுதியிருக்கும். சூட்டால் கிருமி நீக்கும் மெஷினில் கழுவும் தண்ணீர் பொதுவாக 65 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேலும், கடைசி அலசல் 82 டிகிரியும் இருக்க வேண்டும். அலசல் 90-ஐத் தாண்டினாலும் நல்லதில்லை, தட்டைத் தொடும் முன்பே தண்ணீர் ஆவியாகிப் பறந்துவிடும். குளோரினால் கிருமி நீக்கும் மெஷினுக்கு 49 டிகிரி அளவே போதும். தகட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் உங்கள் கணக்கு.

முகப்பில் தெரியும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். அது காட்டுவது குழாயின் சூடு. சூட்டால் கிருமி நீக்கும் மெஷினில் நமக்கு வேண்டியது தட்டின் சூடு, 71 டிகிரி. அந்தச் சூடு வந்தால் நிறம் மாறும் ஸ்டிக்கர்கள் கிடைக்கின்றன. ஒன்றைத் தட்டில் ஒட்டி ஒரு சுற்று ஓட்டினால் சந்தேகம் தீர்ந்தது.

சூடு போதவில்லை என்றால் முதலில் உள்ளே வரும் தண்ணீரின் சூட்டைப் பாருங்கள், ஹீட்டரைப் பிறகு பார்க்கலாம். அலசல் தண்ணீரைச் சூடாக்கும் பூஸ்டர் பல மெஷின்களில் 60 டிகிரி தண்ணீரை 82-க்கு ஏற்றும் அளவுக்கே செய்யப்பட்டது. கட்டடத்தின் வெந்நீர் வராமல் பச்சைத் தண்ணீர் வந்தால் பாவம், அது எப்படி எட்டிப்பிடிக்கும்? அதுவும் சரி என்றால் ஹீட்டர் காயிலைப் பாருங்கள். வெள்ளையாக ஓடு கட்டியிருந்தால் சூடு அந்த ஓட்டுக்குள்ளேயே சிறைப்பட்டு, கடைசியில் காயில் எரிந்துபோகும். தண்ணீர் குறைவாக இருந்தபோது ஹீட்டர் ஓடியிருந்தால் சூடு மிஞ்சினால் மின்சாரத்தை நிறுத்தும் பாதுகாப்பு கட்-அவுட் விழுந்திருக்கலாம். அதை ஒரு முறை ரீசெட் செய்யலாம். மறுபடி விழுந்தால் விட்டுவிடுங்கள், அது காரணத்தோடுதான் விழுகிறது.

படி 4: கெமிக்கல்

இப்போது கேன்களுக்கு வரலாம். கேனில் திரவம் இருக்கிறதா, குழாய் முனை அடியில் நிற்கிறதா, டிடர்ஜென்ட் குழாய் ரின்ஸ் எய்ட் கேனுக்குள் போய்விட்டதா? சிரிக்காதீர்கள், இது நடக்கும். குழாய்களில் வண்ண டேப் சுற்றி வையுங்கள்.

பிறகு கேனிலிருந்து கெமிக்கலை அளந்து இழுக்கும் டோசிங் பம்பின் முன்மூடியைத் திறந்து பாருங்கள். உருளைகள் ஒரு ரப்பர் குழாயைப் பிதுக்கிப் பிதுக்கித் திரவத்தை நகர்த்தும். நாளாவட்டத்தில் குழாய் தட்டையாகி, பிதுங்கிய பிறகு பழைய வடிவத்துக்குத் திரும்பாது. சுற்றுகிறது, ஆனால் இழுக்கவில்லை என்றால் குழாயை மாற்றுங்கள். குழாயில் காற்றுக் குமிழி ஓடினால் எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது.

நேர்மாறாக டிடர்ஜென்ட் சீக்கிரம் சீக்கிரம் தீர்ந்துபோகிறதா? டேங்கில் செறிவை அளக்கும் சென்சார் இருந்தால் அதன் மேல் உப்புப் படிந்திருக்கும். தண்ணீர் நீர்த்துவிட்டது என்று நினைத்து அது மேலும் மேலும் கேட்டுக்கொண்டே இருக்கும். துடைத்துவிட்டால் அடங்கிவிடும்.

குளோரின் மெஷின் என்றால் சோதனைத் தாளை அலசிய தண்ணீரில் நனைத்து நிறத்தைப் பாருங்கள். 50 பி.பி.எம்.-க்குக் (பத்து லட்சத்தில் 50 பங்கு) குறையக் கூடாது, 100-ஐத் தாண்டினால் வாடையும் வரும், உலோகமும் கறுக்கும்.

இத்தனையும் சரியாக இருந்தால் மட்டும் திருகைத் தொடுங்கள். கொஞ்சம் திருப்பி, ஐந்தாறு ராக் ஓட்டி, மறுபடி தட்டைப் பாருங்கள். எவ்வளவு திருப்பினீர்கள் என்று சுவரில் எழுதி வையுங்கள்.

உப்பு நீக்குவது

வினிகர் சொட்டு உப்பைக் காட்டினால் செய்ய வேண்டியது இது. ராக்குகளை வெளியே எடுத்துவிட்டு டேங்கைப் புதுத் தண்ணீரால் நிரப்புங்கள். டிடர்ஜென்ட் குழாயையும், குளோரின் இருந்தால் அந்தக் குழாயையும் கேனிலிருந்து எடுத்து, சுத்தமான தண்ணீரில் போட்டு இரண்டு சுற்று ஓட்டி, டேங்கை வடித்து மறுபடி நிரப்புங்கள். இதை யாரும் தாண்டக் கூடாது. உப்பு நீக்கி ஒரு ஆசிட், அதோடு குளோரின் கலந்தால் நச்சு வாயு வரும். பல டிடர்ஜென்ட்களிலும் குளோரின் உண்டு. லேபிளில் சொன்ன அளவு உப்பு நீக்கியை ஊற்றி, சொன்ன நேரம் ஓட்டி, வடித்து, வெறும் தண்ணீரில் இரண்டு சுற்று விடுங்கள். அலுமினியப் பாத்திரம் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது.

மாதம் ஒருமுறை இதையே செய்துகொண்டிருந்தால் கடினநீரிலிருந்து சுண்ணாம்பை எடுக்கும் தண்ணீர் மென்மையாக்கியைக் கவனியுங்கள். பெரும்பாலும் அது வேலை செய்ய நாம் போடும் உப்பு தீர்ந்திருக்கும்.

ஓடவே இல்லை, நிரம்பவில்லை, வடியவில்லை

ஓடவில்லை: பிரேக்கர், அவசர நிறுத்தப் பொத்தான், பிறகு கதவு. பல மெஷின்களில் கதவில் ஒரு காந்தம், சட்டத்தில் ஒரு சுவிட்ச். ராக் சரியாக உட்காராமல் கதவு விரல் அகலம் தூக்கி நின்றால்கூட மெஷின் அசையாது.

நிரம்பவில்லை: தண்ணீர் வால்வு திறந்திருக்கிறதா, உள்வரும் குழாயில் இருக்கும் வலை வடிகட்டி அடைத்திருக்கிறதா, டேங்கில் இருக்கும் மிதவை அழுக்கில் சிக்கியிருக்கிறதா? நிரம்பிக்கொண்டே இருந்தாலும் அந்த மிதவைதான். அலசல் அழுத்தம் காட்டும் கேஜ் இருந்தால், தண்ணீர் ஓடும்போது பாருங்கள். சுமார் 20 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டும். நின்றிருக்கும்போது காட்டும் எண்ணுக்கு மதிப்பில்லை.

வடியவில்லை என்றால் வடிகால் அடைப்பு. தானாக வடிந்துகொண்டே இருந்தால் அடைப்பானின் ரப்பரில் ஒரு துணுக்கு சிக்கியிருக்கும், எடுத்துவிடுங்கள்.

சர்வீஸுக்குச் சொல்லும்போது

கருகல் வாடை, உடம்பைத் தொட்டால் ஷாக், பிரேக்கர் திரும்பத் திரும்ப விழுவது, மோட்டாருக்குக் கீழே ஒழுகல்: இவற்றில் ஒன்று இருந்தாலும் மெஷினைத் தொடாமல் மெயினை அணைத்துவிட்டு போன் போடுங்கள். "மெஷின் ரிப்பேர்" என்று மட்டும் சொன்னால் அவர் வெறுங்கையோடு வருவார். தகட்டில் இருக்கும் மாடல் எண், சீரியல் எண், திரையில் தெரியும் எரர் கோடு, கழுவும் சூடு, அலசும் சூடு, வினிகர் சொட்டு என்ன காட்டியது என்று சொல்லுங்கள். தேவையான உதிரிப் பாகத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டே வருவார்.