வேக்குவம் கிளீனர் இழுக்கவில்லையா? முதலில் ஹோஸைப் பாருங்கள்

எங்கள் வேக்குவம் கிளீனர் கொஞ்ச நாளாகத் தூசியை இழுக்காமல் கீச்சென்று கத்திக்கொண்டு மட்டும் இருந்தது. சத்தம் கூடினால் மோட்டார் போய்விட்டது என்றுதான் பலரும் நினைப்பார்கள், ஆனால் காற்று வரும் வழி அடைபட்டால் உள்ளே இருக்கும் விசிறிக்குச் சுமை குறைந்து அது இன்னும் வேகமாகச் சுற்றும், அந்தச் சத்தம்தான் இது. ஹோஸைக் கழற்றிவிட்டு மெஷின் வாயில் உள்ளங்கையை வைத்தேன், பிடித்து இழுத்தது. சரி, மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது. ஹோஸுக்குள் ஒரு கோலிக்குண்டைப் போட்டால் மறுபக்கம் வந்து விழவில்லை. கைப்பிடியோடு சேரும் இடத்தில் ஒரு ஹேர்பின் குறுக்கே நின்று, அதைச் சுற்றி முடியும் பஞ்சும் கார்க் மாதிரி இறுகியிருந்தது. கம்பியால் குத்தினால் ஹோஸ் கிழியும், அதனால் முனை மழுங்கிய குச்சியால் மெதுவாகத் தள்ளி எடுத்தேன்.

அப்புறம் ஃபில்டர். ஸ்பாஞ்ச் என்றால் தண்ணீரில் அலசி, குறைந்தது 24 மணி நேரம் காயவிட வேண்டும், ஈரத்தோடு மாட்டினால் அந்த ஈரம் நேராக மோட்டாருக்குப் போகும். பேப்பர் ஃபில்டருக்குத் தண்ணீரே காட்டக்கூடாது.

ஒயர் பாதியில் சுருளாமல் நின்றது தனிக் கோளாறு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு முழுவதும் வெளியே இழுத்து, பிசுக்குப் போகத் துடைத்துவிட்டு, பட்டனை அழுத்தினால் சர்ரென்று உள்ளே போகிறது.