கிற்றாருக்கு வயர்லெஸ் வாங்கும்போது விடுகிற பிழைகள்

கிற்றார் வயர்லெஸ் என்பது வயருக்குப் பதிலாக, கிற்றாரில் கொளுவும் ட்ரான்ஸ்மிட்டரிலிருந்து அம்ப்ளிஃபயர் (அம்பு) பக்கம் இருக்கிற ரிசீவருக்கு ஒலியை ரேடியோ அலையில் அனுப்புகிற சோடி. அதன் பெட்டியில் ‘30 மீற்றர்’ என்று அச்சிட்டிருப்பதை நம்பிக் காசு கொடுப்பதுதான் முதற் பிழை. இடையில் ஆளில்லாமல், வேறு அலைவரிசைகளின் தொல்லை குறைந்த இடத்தில் அளந்த தூரம் அது. திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் ஹோட்டல் முற்றத்து மேடையொன்றில் நிலைமை வேறு. ஹோட்டலின் வை-ஃபை ரவுட்டர்கள் இரண்டு மூன்று, பக்கத்து விடுதியின் ரவுட்டர், முன்னால் இருக்கிற நூறு பேருடைய கைப்பேசிகள் பெரும்பாலும், கிற்றார் வயர்லெஸ் பல பாவிக்கிற அதே 2.4 கிகாஹேர்ட்ஸில் கதைத்துக்கொண்டிருக்கும். அந்த 30 மீற்றரில் பாதி கிடைத்தாலே நல்லது.

‘திறந்த வெளிதானே, இன்னும் நன்றாக எடுக்கும்’ என்று பலர் நினைக்கிறார்கள். மண்டபத்துக்குள் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்புகிற அலை, கிற்றார்காரர் ரிசீவருக்கு முதுகு காட்டி நின்றாலும் சுற்றி வந்து சேர்ந்துவிடும். கடற்கரையில் பட்டுத் திரும்ப ஒன்றுமில்லை. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 12.5 சென்ரிமீற்றர், பெரும்பகுதி நீராலான மனித உடல் அதை உறிஞ்சிவிடும். வெளியிலே ஒருதரம் திரும்பி நின்றாலே சத்தம் அறுவதற்குக் காரணம் இதுதான். 600 மெகாஹேர்ட்ஸ் பக்கம் வேலைசெய்கிற யூஎச்எஃப் கருவியின் அலை அரை மீற்றர் நீளம். அது உடலைச் சுற்றி வளைந்து போவதில் கெட்டிக்கார அலை. 5.8 கிகாஹேர்ட்ஸில் வை-ஃபை நெரிசல் பெரும்பாலும் குறைவு, ஆனால் நேர்ப்பார்வை, அதாவது இடையில் ஒன்றும் மறைக்காமல் இருப்பது, இன்னும் கட்டாயம். சின்ன மேடைக்கு அது பொருந்தும், கூட்டத்துக்குள் இறங்கி வாசிக்கிறவருக்குப் பொருந்தாது.

ஆகவே வாங்க முன்னர் கேட்க வேண்டிய கேள்வி, எங்கே வாசிக்கப் போகிறீர்கள் என்பது. தேவாலயப் பாடகர் குழுவில் ஒரே இடத்தில் நின்று, ரிசீவருக்கு நான்கு மீற்றருக்குள் வாசிப்பவருக்கு ஜாக்கில் நேரே செருகும் சின்ன 2.4 கிகாஹேர்ட்ஸ் சோடி போதும். கோயில் திருவிழா இன்னிசை மேடை, மக்கெய்சர் விளையாட்டரங்கு மாதிரிப் பெரிய திடல் என்றால் இரண்டு அன்ரெனா கொண்ட ரிசீவரைத்தான் பார்க்க வேண்டும். ஓர் அன்ரெனாவில் அலை அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும்.

இனி, நமது ஊரில் அடிக்கடி நடக்கிற ஒன்று. கனடாவிலோ அமெரிக்காவிலோ லண்டனிலோ இருக்கிற உறவினர் ‘இங்கே மலிவாகக் கிடந்தது’ என்று பழைய யூஎச்எஃப் செற் ஒன்றை அனுப்பிவைப்பார். அது ஏன் மலிவு? அமெரிக்காவில் 617 முதல் 652 வரையும், 663 முதல் 698 வரையுமான மெகாஹேர்ட்ஸ் பகுதிகள் கைப்பேசிச் சேவைக்குப் போய்விட்டன. 2020 யூலை 13 க்குப் பின்னர் அங்கே அவற்றில் வயர்லெஸ் மைக் பாவிக்கத் தடை. பிரித்தானியாவில் 694 முதல் 790 வரையான பகுதியில் பெரும்பங்கும் அதே 2020 இல் கைவிட்டுப் போனது. பாவிக்க முடியாமற்போன கருவிகள்தான் பழைய சாமான் சந்தைக்கு வருகின்றன. அன்பாக அனுப்பியதை வேண்டாம் என்பது கடினம். அனுப்ப முன்னரே ரிசீவரின் பின்பக்க ஸ்ரிக்கரைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அலைவரிசை எல்லை அதில் இருக்கும். கூடவே அடப்ரரையும் படமெடுக்கச் சொல்லுங்கள். வட அமெரிக்கப் பழைய அடப்ரர்கள் பல 120 வோல்ற்றுக்கு மட்டுமானவை. நமது 230 வோல்ற்றில் செருகினால் அந்த நிமிடமே கருகும். ‘100–240’ என்று எழுதியிருந்தால் பயமில்லை.

யூஎச்எஃப் விடயத்தில் சட்டமும் இருக்கிறது. 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டப்படி ரேடியோ அலை பாவிப்பதற்கு அனுமதி வழங்குவது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. எந்த அலைவரிசைக் கருவி என்பதைச் சொல்லி அங்கே கேட்டுத் தெளிந்த பிறகு வாங்குங்கள். கடற்படைத் தளமும் சீனக்குடாவில் விமானப்படைத் தளமும் இருக்கிற ஊரில், அனுமதியில்லாத அலை எதையும் சின்ன விடயமாக எடுக்கக் கூடாது.

புளூடூத்தில் கிற்றார் வாசிக்கலாம் என்று விற்கப்படுகிற மலிவுச் சாமானைத் தொடவே வேண்டாம். சாதாரண புளூடூத் ஒலி 100 மில்லிசெக்கனுக்கு மேல் பிந்தி வரும். தாளத்தோடு சேர்ந்து வாசிக்கவே முடியாது. கிற்றாருக்கென்று செய்த டிஜிற்றல் கருவிகளில் தாமதம் சில மில்லிசெக்கன்தான். பொஸ் நிறுவனத்தின் டபிள்யூஎல்-20 வயர்லெஸ்ஸுக்கு 2.3 மில்லிசெக்கன். ஒலி காற்றில் ஒரு மீற்றர் போக எடுக்கும் நேரம் ஏறக்குறைய 3 மில்லிசெக்கன், ஆகவே அம்பிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி நிற்பது போலத்தான். ஆனால் தாமதங்கள் கூடும். வயர்லெஸ் 5, டிஜிற்றல் எஃபெக்ற் பெட்டி 3, டிஜிற்றல் மிக்சர் 2, காதுக்குள் கேட்கும் டிஜிற்றல் மொனிற்றர் 5 என்றால் மொத்தம் 15 மில்லிசெக்கன். வேகமாகத் தந்தி மீட்டுகிறவருக்கு விரலும் காதும் ஒட்டாது. சங்கிலி நீளமாயிருந்தால் வயர்லெஸ்ஸில் 3 மில்லிசெக்கனுக்கு மேல் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கிற்றார்ப் பக்கமும் பார்க்க வேண்டியவை உண்டு. பற்றரி இல்லாத சாதாரண பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்னாக்கும் பாகம்) கொண்ட கிற்றாரில் வயரும் ஒலியின் ஒரு பாகம். ஒரு மீற்றர் கிற்றார் வயருக்கு ஏறத்தாழ 100 பைக்கோஃபரட் கொள்ளளவம் என்று வைத்தால், 6 மீற்றர் வயர் 600 பைக்கோஃபரட்டைச் சேர்த்து மேல்சுரங்களைக் கொஞ்சம் மழுக்கும். வயர்லெஸ் மாட்டியதும் அது இல்லாமற்போய் ஒலி கூராகிவிடும். கருவி பழுது என்று திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. வயரின் குணத்தைச் சேர்த்துத் தருகிற அமைப்பு சில கருவிகளில் இருக்கிறது. டபிள்யூஎல்-20 இல் உண்டு, டபிள்யூஎல்-20எல் இல் இல்லை. அந்த ‘எல்’ வகை பற்றரி பிக்கப்புக்கும் அகூஸ்ரிக் கிற்றாருக்கும் உரியது. கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்றால் நம்ப வேண்டாம்.

பற்றரி பிக்கப் உள்ள கிற்றாரில் ஜாக்கில் நேரே செருகும் சில மலிவான வகைகள் ‘ஙீ’ என்ற மெல்லிய இரைச்சலைக் கொண்டுவரும். படத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. உங்கள் கிற்றாரையே கடைக்குக் கொண்டுபோய், அம்பில் டிஸ்ரோர்ஷனைக் கூட்டி, தந்தியைக் கையால் அமத்திப் பிடித்துக் கேளுங்கள். அதே நேரம் ஜாக் குழியையும் பாருங்கள். ஸ்ட்ராற்றோகாஸ்ரர் வகையில் ஜாக் சரிந்த குழிக்குள் இருப்பதால் தடித்த முனை முழுதாக உள்ளே போகாது. முனை மடங்கித் திரும்புகிற வகை வேண்டும், அல்லது இடையில் ஒரு சின்ன வயர்.

இடுப்பில் கொளுவும் ட்ரான்ஸ்மிட்டர் வகை வாங்கினால் வயரில் கவனம். நிறுவனத்துக்கு நிறுவனம் முனை வேறு. ஷுவர் நான்கு ஊசி மினி எக்ஸ்எல்ஆர், ஏகேஜி மூன்று ஊசி, செனைசர் பூட்டுகிற 3.5 மில்லிமீற்றர். ஒன்றின் வயர் மற்றதற்கு உதவாது. சட்டையில் குத்தும் மைக்கின் ட்ரான்ஸ்மிட்டரை எடுத்து, முனையை மட்டும் மாற்றிக் கிற்றாரில் கொளுவுவதும் நடக்கிறது. அந்த மைக்குக்குக் கொடுக்கிற சின்ன வோல்ற் ஊசியில் இருக்கும். ஷுவரில் இரண்டாம் ஊசியில் 5 வோல்ற். உள்வாங்கும் மின்தடையும் கிற்றாருக்குப் போதாமல் ஒலி சப்பென்று வரும். கிற்றாருக்கு ஒரு மெகாஓம் அளவு வேண்டும்.

ஒரே மேடையில் இரண்டு கிற்றார், ஒரு பேஸ், நாலு மைக் என்று வயர்லெஸ் கூடும்போது யூஎச்எஃபில் சம இடைவெளி வைப்பது பெரும் பிழை. 606.5 இலும் 607.5 இலும் இரண்டு கருவி ஓடினால், இரண்டும் கலந்து 605.5 இலும் 608.5 இலும் பொய் அலையை உண்டாக்கும். மூன்றாவதை 608.5 இல் வைத்தால் அது கரகரக்கும். நிறுவனம் தந்த அலைவரிசைக் குழு வரிசையில் ஒரே குழுவுக்குள் எல்லாவற்றையும் வையுங்கள். 2.4 கிகாஹேர்ட்ஸ் என்றால் சவுண்ட்ஸ்காரரோடு முதலே கதையுங்கள். டிஜிற்றல் மிக்சரை ரப்லெற்றால் இயக்குகிற அவருடைய ரவுட்டர் 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாறினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ரிசீவரை அம்புக்குப் பின்னாலோ, கீபோர்ட் ஸ்ராண்டுக்குக் கீழே தரையிலோ வைக்காதீர்கள். நெஞ்சு உயரத்தில், வாசிப்பவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், ரவுட்டரிலிருந்து மூன்று மீற்றராவது தள்ளி. யூஎச்எஃப் அன்ரெனா இரண்டையும் ‘V’ போல விரித்துவிடுங்கள். பெடல்போர்டில் வைக்கிற ரிசீவர் என்றால் அது கேட்கிற மில்லியம்பியரைப் பார்த்துத் தனி 9 வோல்ற் மின் வாய் கொடுங்கள். கூடக் கேட்கிற ரிசீவரை 100 மில்லியம்பியர் வாயில் கொடுத்தாலோ, எல்லாப் பெடலுக்கும் ஒரே வயரைப் பகிர்ந்தாலோ இரைச்சல் பிறக்கும்.

சோதனை மேடையில்தான். வயரில் வாசித்து அம்பின் அளவைக் குறித்துவையுங்கள். வயர்லெஸ்ஸில் அதே அளவு வரும்வரை ட்ரான்ஸ்மிட்டரின் கெயினை மாற்றுங்கள். பிறகு ஐந்தாறு கைப்பேசிகளில் ஹொட்ஸ்பொட் போட்டு, மேடையின் கடைசி மூலைக்குப் போய், முதுகைக் காட்டி ஒரு சுரத்தை நீட்டிப் பிடியுங்கள். வெறும் மேடையில் மாலை நாலு மணிக்கு அறுகிற ஒலி, இரவு எட்டு மணிக்குக் கூட்டத்தின் முன் இன்னும் மோசமாக அறும். அப்படியென்றால் அன்றைக்கு 6 மீற்றர் வயரிலேயே வாசியுங்கள்.

உள்ளே பூட்டிய லிதியம் பற்றரிக்குப் புதிதில் ஐந்தாறு மணித்தியாலம் இருந்தாலும், பாவிக்கப் பாவிக்க அது குறைந்துகொண்டே போகும். வெயிலில் நிறுத்திய வானுக்குள் விட்டால் இன்னும் விரைவாக. இரவு முழுக்க வாசிக்கிறவர்களுக்கு ஏஏ பற்றரி மாற்றக்கூடிய வகைதான் நல்லது. கடற்காற்றில் ஜாக் முனை பச்சை பிடிக்கும். வாசித்து முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பையோடு மூடிய டப்பாவில் போட்டுவையுங்கள்.