கேம் ஆடும் பிள்ளையும் வீட்டில் இருக்கிற ஒரே போனும்: செல்போன் கடையிலிருந்து சில யோசனைகள்

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். ரீசார்ஜ் போடுவது, டிஸ்ப்ளே மாற்றுவது, டெம்பர் கிளாஸ் ஒட்டுவது இதெல்லாம்தான் தொழில். ஆனால் வாரத்துக்கு நாலு பேராவது போனை நீட்டி, "தம்பி, இதுல கேம் ஏறாத மாதிரி ஒரு லாக் போட்டுக் குடுங்க" என்பார்கள். போட்டுக் கொடுப்பேன். கூடவே கீழே இருப்பதையும் சொல்லித்தான் அனுப்புவேன். வெறும் லாக்கை ஆறாவது படிக்கிற பையன் சீக்கிரமே உடைத்துவிடுவான்.

கேம் ஆடினால் பிள்ளை கெட்டுப்போகுமா? துப்பாக்கி கேம் ஆடுகிறவன் நாளைக்கு அரிவாளைத் தூக்குவான் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனில் 14, 15 வயதுப் பிள்ளைகள் ஆயிரம் பேரை வைத்து ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2019-இல் வெளியிட்ட ஆய்வில் அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020-இல் கொஞ்சம் வேறு மாதிரி சொன்னது: கத்துவது, தள்ளிவிடுவது போன்ற சின்ன முரட்டுத்தனத்தோடு தொடர்பு உண்டு, பெரிய வன்முறைக் குற்றங்களோடு முடிச்சுப் போட ஆதாரம் போதாது. கத்துவதை நானே கடையில் பார்க்கிறேன். மேட்ச் நடுவில் போனைப் பிடுங்கினால் எந்தப் பிள்ளைதான் சும்மா இருக்கும்?

அதனால் நேரத்தை மணிக்கணக்கில் பேசாதீர்கள், மேட்ச் கணக்கில் பேசுங்கள். பிஜிஎம்ஐ மாதிரி துப்பாக்கி கேமில் நூறு பேர் இறங்குவார்கள். கடைசி வரை தாக்குப்பிடித்தால் ஒரு மேட்ச் அரை மணி நேரம் போகும். ஃப்ரீ ஃபயர் மேக்ஸில் ஐம்பது பேர்தான், பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். நடுவில் நிறுத்திவைக்கிற பட்டன் இரண்டிலும் கிடையாது. பையன் நாலு பேர் குழுவில் இருந்தால், அவன் பாதியில் போவது மற்ற மூன்று பேருக்கும் நஷ்டம். "எட்டு மணியோடு நிறுத்து" என்றால் எட்டு மணிக்கு அவன் ஏதாவது வீட்டு மாடியில் ஒளிந்திருப்பான், கேமில்தான். "இன்னைக்கு ரெண்டு மேட்ச்" என்று சொல்லிவிட்டு, ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் முன் பக்கத்தில் போய் உட்காருங்கள். என்ன ஆடுகிறான் என்று ஒரு மேட்ச் முழுக்கப் பார்ப்பதும் நல்லது. திட்டுவதற்கு முன்னால் தெரிந்துகொண்டு திட்டலாமே.

அப்புறம் பணம். என் கடைக்கு வருகிற நிஜமான அழுகை எல்லாம் இதில்தான். கேம் இலவசம், ஆனால் சட்டை, துப்பாக்கிக்குப் புது வண்ணம் எல்லாம் காசு. அதை டைமண்ட், யூசி என்று கேமுக்குள்ளேயே ஒரு நாணயமாக மாற்றிவிடுவதால் எத்தனை ரூபாய் போகிறது என்று பிள்ளைக்கு உறைப்பதில்லை. செய்ய வேண்டியது இது. பிளே ஸ்டோரைத் திறந்து மேலே இருக்கும் வட்டப் படத்தைத் தொட்டு செட்டிங்ஸுக்குப் போங்கள். எதை வாங்கினாலும் ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு அல்லது கைரேகை கேட்கும்படி வைக்க அங்கே வழி இருக்கிறது. அதே வட்டப் படத்துக்குள் பேமென்ட்ஸ் பகுதியில் கார்டோ யுபிஐயோ சேர்ந்திருந்தால் எடுத்துவிடுங்கள். யுபிஐ செயலியில் ஆட்டோபே பட்டியலையும், அதாவது தானாகவே பணம் எடுக்க அனுமதி கொடுத்த பட்டியலையும், ஒரு தடவை பாருங்கள். பணம் போய்விட்டால் 48 மணி நேரத்துக்குள் கூகுள் பிளேயிலேயே திருப்பிக் கேட்கலாம். கட்டாயம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் நாள் கடத்திவிட்டு வந்தால் இன்னும் கஷ்டம்.

யுபிஐ பின் நம்பர் பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். ஆத்தாவுக்கு மளிகைக்கடையில் ஸ்கேன் பண்ணிக் கொடுப்பதே பேரன்தான். கைரேகை வைத்தாலும், மதியம் ஆத்தா தூங்கும்போது விரலை எடுத்து வைக்கிற புத்திசாலிகள் இருக்கிறார்கள். பணம் இருக்கிற போன் வேறு, கேம் இருக்கிற போன் வேறு என்று பிரிக்க முடிந்தால் அதுதான் சிறந்த லாக். பழைய போனுக்கு ஒரு பேட்டரி மாற்றினால் போதும், புதுசு வாங்கித் தர வேண்டாம். பிள்ளைக்கென்று தனி போன் ஆகிவிட்டால், பெற்றோர் கண்காணிக்க கூகுள் தருகிற ஃபேமிலி லிங்க் செயலியைப் போடலாம்: தினசரி நேரம், ராத்திரி பூட்டும் நேரம், புதுச் செயலிக்கு உங்கள் அனுமதி எல்லாம் அதில் வரும். பெரியவர்கள் கணக்கிலேயே ஓடுகிற பொதுப் போனில் இதனால் பெரிய பலன் இல்லை.

"ஃப்ரீ டைமண்ட்" என்று வரும் லிங்க் எல்லாம் ஏமாற்று. ஓடிபி சொல்லி ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழையுங்கள். கேமுக்குள் முன்பின் தெரியாதவர்களோடு பேசும் மைக்கை செட்டிங்ஸில் அணைத்துவிடலாம். சின்ன வகுப்புப் பிள்ளை என்றால் யோசிக்கவே வேண்டாம், அணையுங்கள்.

நம் பக்கத்தில் பல வீடுகளில் அப்பா சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கிறார். சிங்கப்பூரில் ராத்திரி பத்து என்றால் இங்கே ஏழரை. அவர் வீடியோ காலில் வருகிற நேரமும் பையனுடைய நண்பர்கள் கேமுக்கு வருகிற நேரமும் ஒன்றாக அமைந்துவிடும். அப்பா முகத்தைப் பார்த்து "சொல்லுங்கப்பா, சொல்லுங்கப்பா" என்று அவசரப்படுத்துகிறான் என்றால் பாசம் குறைந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை, அங்கே குழு காத்திருக்கிறது. கால் முடிந்த பிறகுதான் முதல் மேட்ச் என்று மாற்றிவையுங்கள். இன்னொன்று, மார்க் எடுத்தால் நல்ல போன் அனுப்புகிறேன் என்று அங்கிருந்து வாக்குக் கொடுக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். இங்கே மேய்க்கப்போவது நீங்கள்.

இனி, எப்போது கவலைப்பட வேண்டும்? உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறு இருக்கிறது. அந்தப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட அதுவே பெரிதாகிப்போவது, கெடுதல் வந்த பிறகும் விடாமல் ஆடுவது. இவை பொதுவாகப் பன்னிரண்டு மாதமாவது தொடர்ந்தால்தான் நோய் என்கிறார்கள். டெல்டாக்காரர்களுக்கு இந்தக் கணக்கு முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் கலெக்டர் லீவு விட்டுக்கொண்டே இருப்பார், தெருவில் தண்ணீர், வயலில் சம்பா நிற்கிறது. பிள்ளை எங்கே போகும்? அந்த மாதங்களில் கேம் கூடத்தான் செய்யும், அதற்காக டாக்டரிடம் ஓட வேண்டாம். அறுவடை முடிந்து, உளுந்து தெளிக்காத வயலில் மற்ற பையன்கள் ஸ்டம்ப் நட்டுக் கூப்பிடும்போது இவன் எழுந்து போகிறானா என்று பாருங்கள். போனால் சரி. வெயிலில் ஆடுவது கண்ணுக்கும் நல்லது: சீனாவின் குவாங்சோவில் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டதில், கிட்டப்பார்வை வந்தவர்கள் குறைந்தார்கள் என்று 2015-இல் ஆய்வு வந்தது.

மாசி, பங்குனியிலும் வெளியே வரவில்லை, தூக்கம் கெட்டு வகுப்பில் விழுகிறான், கூட்டாளிகளே வேண்டாம் என்கிறான் என்றால் தள்ளிப்போடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசு மனநல உதவி) எண்ணில் இலவசமாகத் தமிழில் பேசலாம். திருவாரூர், தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. என்ன கேம், எத்தனை மணி வரை ஆடுகிறான், எப்போது தூங்குகிறான், எவ்வளவு பணம் போனது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பையனையும் கூட உட்காரவைத்தே எழுதுங்கள். உங்களுக்குத் தெரியாத பாதியை அவனே சொல்லுவான்.