லியோன் நகரில் முகவரி கண்டுபிடிக்க
நிகராகுவாவின் லியோன் நகரில் கொஞ்ச நாள் தங்கப் போகிறீர்களா? கதவு எண்ணையோ தெருப் பெயரையோ நம்பாதீர்கள். அங்கே வழி சொல்வதுதான் முகவரி: "கதீட்ரலிலிருந்து வடக்கே இரண்டு குவாத்ரா, அபாஹோ அரை குவாத்ரா." குவாத்ரா என்பது ஒரு தெருமுனையிலிருந்து அடுத்த முனை வரையுள்ள தூரம். 'அர்ரீபா', அதாவது மேலே என்றால், சூரியன் ஏறும் கிழக்கு. 'அபாஹோ', கீழே என்றால், மேற்கு. நாம் தடுமாறும் இடம் இதுதான். தமிழில் கீழ்த்திசை கிழக்கு, மேல்திசை மேற்கு அல்லவா? அதை அப்படியே தலைகீழாக்கி மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். சில முகவரிகள் இப்போது இல்லாத கட்டடத்திலிருந்துகூடத் தொடங்கும். பக்கத்துக் கடையில் கேட்டுவிடுவது நல்லது. தங்குமிடத்துக்கான வழியை ஸ்பானிஷில் எழுதி வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். டாக்சிக்காரரிடம் நீட்டினால் போதும்.