பேஸ்பால் ஹிட்டிங் லெசனுக்கு முன்னாள் புரோ கிடைத்துவிட்டாரா? கொஞ்சம் நில்லுங்கள்

போன சீசனில் என் மகனுக்கு ஒன்பது வயது. சிறுவர் பேஸ்பால் லீக்கான லிட்டில் லீக்கில் பாதி ஆட்டங்களில் பந்தைத் தொடாமலே ஸ்ட்ரைக் அவுட் ஆகித் திரும்பினான். சரி, தனியாக ஹிட்டிங் லெசன் போட்டுவிடலாம் என்று தேடினால், நாங்கள் இருக்கும் டல்லாஸ் பக்கம் வலைக்குள் அடித்துப் பழகும் பேட்டிங் கேஜ் வைத்திருக்கும் பல இடங்களில் 'முன்னாள் புரோ பிளேயர்' என்று ஒரு போட்டோ மாட்டியிருந்தது. அந்தச் சொல்லைப் பார்த்த உடனே பணம் கட்டியதுதான் முதல் தவறு.

உச்ச மட்டமான மேஜர் லீக்கில் பத்து வருடம் ஆடியவரும் புரோதான். அதற்குக் கீழே சிங்கிள் ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று படிப்படியாக இருக்கும் மைனர் லீக்கில் ஒரே ஒரு கோடைக்காலம் சம்பளம் வாங்கியவரும் புரோதான். பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள், மைனர் லீக் கணக்கும் சேர்ந்தே வரும், இரண்டு நிமிட வேலை. அதில் எத்தனை வருடம் ஆடினார் என்பதைவிட எந்தப் பொசிஷனில் ஆடினார் என்பதுதான் முக்கியம், ஏனென்றால் எங்களுக்குக் கிடைத்தவர் பிட்சர், அதாவது பந்து வீசுகிறவர். மேஜர் லீக்கின் ஒரு பாதியான அமெரிக்கன் லீக்கில் 1973 முதலே பிட்சருக்குப் பதிலாக வேறொருவர் பேட் பிடிக்கலாம், 2022 முதல் மறு பாதியான நேஷனல் லீக்கிலும் அதுவே விதி. அதனால் பிட்சராக இருந்த ஒருவர் பள்ளிக்கூடத்தோடு பேட்டைக் கீழே வைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை. பந்து எப்படி வரும் என்று அருமையாகச் சொன்னார்தான், ஆனால் நாங்கள் காசு கொடுத்தது அதற்கில்லையே.

அதற்காக ரெக்கார்டு பெரிதாக இருக்கும் ஆளைத் தேடி ஓட வேண்டாம். சார்லி லா என்பவர் மேஜர் லீக்கில் 11 சீசன் ஆடினார், பேட்டிங் சராசரி .255, அதாவது நாலு தடவை பேட் பிடித்தால் ஒரு ஹிட். சுமார் ரகம்தான். அவரிடம் கற்ற ஜார்ஜ் பிரெட் 1980-ல் .390 அடித்தார். தட்டுத் தடுமாறிக் கற்றவருக்குத்தான் எங்கே தடுமாறும் என்று சொல்லத் தெரியும் என்பது என் எண்ணம்.

முதல் கோச்சான அந்த பிட்சர் அரை மணி நேரத்தில் இருபது நிமிடம் எக்ஸிட் வெலாசிட்டி, லாஞ்ச் ஆங்கிள் என்று, பந்து பேட்டை விட்டுக் கிளம்பும் வேகத்தையும் கோணத்தையும் ஸ்கிரீனில் காட்டிக்கொண்டிருந்தார். பையன் கண் பக்கத்துக் கேஜில் இருந்தது. இப்போதைய கோச் டபுள் ஏவோடு நின்றுவிட்டவர். அவர் முதல் நாள் டீ என்ற சின்னக் கம்பத்தின் மேல் பந்தை வைத்து அடிக்கச் சொன்னார், பந்து நேராகப் போனது. டீயை, பேட்டர் பக்கத்தில் நிற்கும் தரைப் பலகையான பிளேட்டின் வெளி ஓரத்துக்கு நகர்த்தி நாலு அங்குலம் பின்னால் தள்ளி வைத்தார், அதே ஸ்விங், பந்து வலது பக்க வலையில் போய் விழுந்தது. "ஏன் அங்கே போச்சு?" என்று மட்டும் கேட்டார். பையன் டீயையும் வலையையும் மாறி மாறிப் பார்த்தான், பதில் சொல்ல ஒரு நிமிடமாவது ஆகியிருக்கும், அதுவரை அவர் வாயைத் திறக்கவில்லை. பணம் கட்டும் முன் ஒரு லெசனை இப்படி ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.

அடுத்தது நம் ஆட்களுக்கே உரிய தவறு, வலைக்கு வெளியே நின்று கிரிக்கெட் சொல்லிக் கொடுப்பது. காலை முன்னால் போட்டுப் பந்துக்குப் போ, பேட்டை நேராகக் கொண்டு வா, எல்லாம் சொன்னேன். இங்கே பந்து தரையில் குத்தி வருவதில்லை, கால் ஒரு சின்ன எட்டோடு நிற்கும், இடுப்புதான் திரும்ப வேண்டும். இதைவிடக் கூத்து 'டாப் ஹேண்ட்'. கிரிக்கெட்டில் பேட் கீழே பார்த்து இருப்பதால் வலது கை ஆட்டக்காரனுக்கு மேல் கை என்றால் இடது கை. பேஸ்பாலில் பேட்டைத் தூக்கிப் பிடிப்பதால் அதே மேல் கை வலது கை ஆகிவிடும். நானும் கோச்சும் மூன்று வாரம் ஒரே சொல்லைச் சொல்லி, பிள்ளைக்கு இரண்டு வெவ்வேறு கையைக் காட்டியிருக்கிறோம்.

பேட் வாங்குவதிலும் 'வளர்கிற பிள்ளை' என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கும் பழக்கம் நமக்கு உண்டு. டவுசருக்குச் சரி, பேட்டுக்கு வேண்டாம். கனமான பேட்டை இழுத்துச் சுற்றுவதற்குள் பந்து பின்னால் பிடிக்க உட்கார்ந்திருக்கும் கேட்சரிடம் போயிருக்கும். லிட்டில் லீக்கில் 2018 முதல் யுஎஸ்ஏ பேட் முத்திரை இல்லாத அலுமினிய பேட்டெல்லாம் செல்லாது, அதையும் பார்த்து வாங்குங்கள்.

சனிக்கிழமை மேட்ச் என்றால் வெள்ளிக்கிழமை லெசன் வைக்காதீர்கள். புதிதாக மாற்றிய ஸ்விங்கை யோசித்துக்கொண்டே நிற்பான். லிட்டில் லீக்கில் பிட்சர் 46 அடியில் நிற்கிறான், ஐம்பது மைல் வேகப் பந்து முக்கால் வினாடிகூட எடுக்காது, யோசிக்க அதில் இடமில்லை. அப்புறம், வாரம் ஒரு லெசன் மட்டும் போதாது. வீட்டில் டீயில் தினம் பத்து நிமிடம் அடிக்காமல் அடுத்த வாரம் போனால், அதே பாடத்துக்கு இன்னொரு தடவை காசு.

லீக்கின் வாலன்டியர் கோச்சுகளுக்குப் பின்னணி சோதனை கட்டாயம். வெளியே தனியாகச் சொல்லித் தருகிறவருக்கு அதைக் கேட்டு வாங்க வேண்டியது நாம்தான். பெற்றோர் உள்ளே இருக்கக் கூடாது என்று சொல்லும் இடத்தில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

கடைசியாக, தள்ளுபடி என்று பத்து லெசனை மொத்தமாக வாங்காதீர்கள். அந்த பிட்சரிடம் நாங்கள் அப்படித்தான் கட்டினோம், நாலோடு நிறுத்தினோம். பணம் திரும்ப வராது என்று ரசீதின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது. மீதி ஆறை என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை, பையன் பிட்சிங் கற்கிறேன் என்கிறான்.