மனித உரிமை ஆய்வுக்காக வெளிநாடு செல்லும் இளம் வழக்கறிஞர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தொழில் செய்யும் ஜூனியர்களிலும் இங்குள்ள சட்ட மாணவர்களிலும் சிலர் ஒவ்வோர் ஆண்டும் உதவித்தொகை பெற்றோ, கோடைக்காலப் பயிலரங்குக்கு அழைக்கப்பட்டோ, ஆய்வுப் பரிமாற்றத் திட்டத்தில் சேர்ந்தோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குச் செல்கிறார்கள். புறப்படுவதற்கு முன் கட்டுரையை என் மேசையில் வைத்து, "ஒரு பார்வை பார்த்துக் கொடுங்கள் சார்" என்பார்கள். படித்தால், எங்கள் தலைமுறை தட்டச்சுத் தாளில் செய்த பிழைகள் அப்படியே ஸ்லைடில் ஏறியிருக்கின்றன. பாஸ்போர்ட் காலாவதி, விசா நேர்காணல், குளிருக்கான உடை போன்றவற்றைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். கட்டுரைக்குள் இருந்துகொண்டு பின்னாளில் வேலையைக் காட்டும் தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

நாம் சேராத உடன்படிக்கையில் நம்மைச் சேர்ப்பது

காவல் மரணம் பற்றி எழுதப்படும் பெரும்பாலான கட்டுரைகள், சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கைக்கு இந்தியா கட்டுப்பட்டது என்ற வாக்கியத்தோடு தொடங்குகின்றன. இந்தியா அதில் 1997 அக்டோபரில் கையெழுத்திட்டது. அதற்குக் கட்டுப்படுவதாக முறைப்படி உறுதிசெய்யும் ஏற்புறுதியை இன்றுவரை செய்யவில்லை. கையெழுத்துக்கும் ஏற்புறுதிக்கும் உள்ள இடைவெளியில்தான் அந்த உடன்படிக்கை மீதான இந்திய விவாதம் முழுவதும் நடக்கிறது. அதை அறியாமல் எழுதப்பட்ட கட்டுரையை, முதல் பக்கத்தைத் தாண்டிப் படிக்க அங்குள்ள பேராசிரியருக்குப் பொறுமை இருக்காது. குடிமை மற்றும் அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையில் நாம் 1979 ஏப்ரலிலேயே சேர்ந்துவிட்டோம். ஆனால் ஜெனீவாவிலுள்ள ஐ.நா. குழுவிடம் தனிநபர் முறையிட வழி திறக்கும் முதல் விருப்ப நெறிமுறையில் சேரவில்லை. ஆகவே, "பாதிக்கப்பட்டவர் இறுதியாக ஜெனீவாவை நாடலாம்" என்று முடியும் கட்டுரை, இல்லாத கதவைக் காட்டி முடிகிறது.

குடிமை, அரசியல் உரிமை உடன்படிக்கையில் சேர்ந்தபோது என்ன சொல்லிச் சேர்ந்தோம் என்பதையும் பார்க்க வேண்டும். சட்டவிரோதக் கைதுக்கு இழப்பீடு கோரும் உரிமையைத் தரும் அதன் 9(5) உறுப்பு குறித்து இந்தியா அன்றே தன் விலக்கைப் பதிவு செய்தது. நீலபதி பெஹரா வழக்கில் 1993-இல் காவல் மரணத்துக்கு இழப்பீடு வழங்கிய உச்ச நீதிமன்றம், 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில், தொடர்ந்து வந்த தீர்ப்புகளால் அந்த விலக்கு பொருளிழந்துவிட்டது என்றே சொல்லிவிட்டது. பன்னாட்டு உடன்படிக்கை தானாகவே உள்நாட்டுச் சட்டமாகிவிடாது என்ற 1980-ஆம் ஆண்டு ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் தீர்ப்பையும், பணியிடப் பாலியல் தொல்லைக்குச் சட்டம் இல்லாத வெற்றிடத்தைப் பெண்கள் மீதான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கையைக் கொண்டு நிரப்பிய 1997-ஆம் ஆண்டு விசாகா தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள். வெளிநாட்டு மாணவர்கள் நம்மிடமிருந்து கேட்க விரும்புவது இந்த இழுபறியைத்தான்.

ஸ்ட்ராஸ்பர்க்கும் லக்ஸம்பர்க்கும்

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஸ்ட்ராஸ்பர்க்கில், 46 நாடுகள் கொண்ட ஐரோப்பிய கவுன்சிலின் கீழ் இருக்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் லக்ஸம்பர்க்கில் இருக்கிறது, மாற்றிச் சொல்லாதீர்கள்.

நிலுவையிலுள்ள வழக்கின் சாட்சியைப் பேட்டி எடுப்பது

இந்தத் தவறைப் பற்றிப் பேசினால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. செய்கிறவர்கள் நல்லவர்கள், அவர்களின் நோக்கத்திலும் குறையில்லை, அதனால்தான் இது நிற்காமல் நடக்கிறது.

மதுரை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் நடந்த தாக்குதல் தொடர்பாக, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் சிறப்பு நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தது. ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றின் பயிலரங்குக்குத் தேர்வான ஒரு ஜூனியர், கட்டுரைக்குக் களத்தரவு வேண்டும் என்பதற்காக, சம்பவத்தை நேரில் பார்த்த பெண்ணின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நெடுநேரம் பேசினார். கைப்பேசியில் பதிவும் செய்தார். வழக்கில் அவர் யாருக்கும் வழக்கறிஞர் அல்லர். எதிரிகள் (குற்றம் சாட்டப்பட்டவர்கள்) இரண்டு முறை வந்ததாக அந்தப் பெண் காவல் துறையிடம் சொல்லியிருந்தார், ஜூனியரிடமும் அப்படித்தான் சொன்னார். கட்டுரையின் ஓட்டத்துக்காக ஜூனியர் இரண்டு வருகையையும் ஒன்றாக்கி, "இருட்டிய பிறகு" என்பதை "ஏழு மணி அளவில்" என்று மாற்றி, முழுவதையும் மேற்கோள் குறிக்குள் ஆங்கிலத்தில் எழுதினார். அரங்கில் பலத்த கைதட்டல். கட்டுரை இணையத்தில் ஏறியது.

விசாரணை தொடங்கி, அந்தப் பெண் சாட்சிக் கூண்டில் நின்றபோது, எதிரித் தரப்பு வழக்கறிஞர் தன் வழக்குக் கட்டிலிருந்து அச்சிட்ட தாள்களை எடுத்தார். "வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒரு கதை, நீதிமன்றத்துக்கு ஒரு கதையா?" என்று கேட்டார். அரசுத் தரப்பு ஆட்சேபித்தது. சாட்சி கையெழுத்திடாத, இன்னொருவர் வேறு மொழியில் எழுதிய கட்டுரையைச் சான்றாவணமாகக் குறியிட நீதிபதி அனுமதிக்கவில்லை. ஆனால் கேள்வி கேட்டாகிவிட்டது. "நான் அப்படிச் சொல்லவில்லை" என்ற பதிலும் பதிவாகிவிட்டது. அடுத்த வாய்தாவில் அந்த ஜூனியரை ஒலிப்பதிவோடு எதிரித் தரப்புச் சாட்சியாக அழைக்க வேண்டும் என்று மனு வந்தது. மனு கடைசியில் தள்ளுபடியானது என்றாலும், அதற்குள் பல மாதங்கள் ஓடிவிட்டன. "அந்தத் தம்பியா அவங்களுக்குச் சாட்சி சொல்ல வருது?" என்று அந்தப் பெண் நீதிமன்ற வராந்தாவில் நின்று கேட்டதற்கு, சட்டப் புத்தகத்திலிருந்து என்ன பதில் சொல்ல முடியும்?

சட்ட நிலை எளிமையானது. ஒரு சாட்சி முன்பு சொல்லி எழுத்தில் பதிவானதைக் காட்டி அவரை முரண்படுத்தும் உரிமை, பழைய சாட்சியச் சட்டத்தின் 145-ஆம் பிரிவில் இருந்தது. இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 148-ஆம் பிரிவில் இருக்கிறது. நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு பேட்டியும் எதிரித் தரப்புக்கு நீங்களாகவே தயாரித்துக் கொடுக்கும் முன்வாக்குமூலம் ஆகக்கூடும். வழக்கறிஞர் அங்கி அணிந்திருப்பதாலேயே அந்த உரையாடலுக்கு இரகசியக் காப்பு வந்துவிடாது. பேசுகிறவர் உங்கள் கட்சிக்காரராக இருந்து, தொழில்முறையில் உங்களிடம் சொன்னதற்கு மட்டுமே அது உண்டு. ஆய்வாளருக்கென்று தனிக் காப்பு எதையும் நம் சாட்சியச் சட்டம் தரவில்லை.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெட்டகத்தில் வைத்துவிட்டால் பத்திரம் என்று நினைப்பவர்கள், பாஸ்டன் கல்லூரியில் நடந்ததைப் படிக்க வேண்டும். வட அயர்லாந்து மோதலில் ஆயுதம் ஏந்தியவர்களின் நினைவுகளை அக்கல்லூரியின் திட்டம் ஒன்று 2001 முதல் 2006 வரை ஒலிப்பதிவு செய்தது. உயிரோடு இருக்கும்வரை பதிவுகள் வெளிவராது என்று பேசியவர்களுக்கு வாக்களிக்கப்பட்டிருந்தது. பரஸ்பர சட்ட உதவி ஒப்பந்தத்தின் கீழ் 2011-இல் பிரிட்டன் அவற்றைக் கேட்டது. ஆய்வாளர்களின் ஆட்சேபத்தை அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012-இல் நிராகரித்தது. பதிவுகளில் ஒரு பகுதி காவல் துறையிடம் சேர்ந்தது. 2019-இல் பெல்ஃபாஸ்டில் நடந்த ஒரு விசாரணையில், அந்த நாடாக்கள் நம்பத்தக்கவை அல்ல என்று நீதிமன்றம் ஒதுக்கிவிட்டது. வாக்குறுதியும் போயிற்று, சாட்சியமும் நிற்கவில்லை. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே அதே வகை ஒப்பந்தம் 2005 முதல் நடைமுறையில் இருக்கிறது.

"ஒப்புதல் படிவம் வாங்கிவிட்டேன்" என்பது அடுத்து வரும் பதில். அங்குள்ள பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக்குழு அந்தப் படிவத்தைத்தான் கேட்கும். குறுக்கு விசாரணையைப் பற்றி அது கேட்காது, ஏனென்றால் சிறப்பு நீதிமன்றத்தின் வாய்தாப் பட்டியல் அதற்குத் தெரியாது. பெயரை மறைப்பதாக உறுதியளிக்கும் அதே தாளில் பெயரும் கைரேகையும் கைப்பேசி எண்ணும் இருக்கின்றன என்பதையும் யாரும் யோசிப்பதில்லை.

அப்படியானால் எதை வைத்து எழுதுவது? மேல்முறையீடும் முடிந்துபோன வழக்குகளை எடுங்கள். சாட்சியம் ஏற்கெனவே நீதிமன்றத்தில் பதிவாகியிருந்தால் சான்றிட்ட நகல் வாங்கி அதிலிருந்து எழுதுங்கள். நிலுவை வழக்கைத் தொட்டே ஆக வேண்டுமென்றால், முதலில் பாதிக்கப்பட்டோர் தரப்பு வழக்கறிஞரிடம் பேசுங்கள். அவர் வேண்டாம் என்றால் அத்துடன் விட்டுவிடுங்கள். அவர் சம்மதித்தாலும் சம்பவத்தைக் கேட்காதீர்கள். சம்பவத்துக்குப் பின் நடந்ததைக் கேளுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகல் எப்போது கைக்கு வந்தது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995-ஆம் ஆண்டு விதிகளின்படி கட்டம் கட்டமாக வர வேண்டிய தீருதவித் தொகை எந்தக் கட்டத்தில் நின்றது, சாட்சிக்கு அச்சட்டத்தின் 15ஏ பிரிவு உறுதிசெய்யும் பயணச் செலவு கிடைத்ததா, வாய்தாவுக்கு வந்த நாளின் கூலியை யார் கொடுத்தார்கள் என்பன போன்ற கேள்விகளால் வழக்குக்குச் சேதம் வராது. பட்டியல் சாதியினருக்கான சட்டம் ஏட்டில் ஒன்றாகவும் நடப்பில் ஒன்றாகவும் இருப்பதை அரங்குக்குக் காட்டவும் அவையே பெரிதும் உதவும்.

பெயரை மட்டும் மாற்றுவது

முதல் தகவல் அறிக்கையின் முதல் பக்கத்தைப் படமெடுத்து, பெயரின் மேல் கறுப்புப் பட்டை ஒட்டி ஸ்லைடில் போடுகிறார்கள். தகப்பனார் பெயர், காவல் நிலையம், குற்ற எண், தேதி எல்லாம் பட்டைக்குக் கீழே பளிச்சென்று தெரிகின்றன. நூறு வீடுள்ள ஊரில், "ஊராட்சிப் பள்ளியில் சத்துணவு சமைக்கும் பெண்" என்று எழுதினால் பெயரை எழுதியதற்குச் சமம். பாலியல் குற்ற வழக்குகளில் இது அநாகரிகம் என்பதோடு முடிவதில்லை: புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவின்படி இரண்டாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அடையாளத்தை ஊகிக்க இடம் தரும் எந்த விவரத்தையும் வெளியிடக் கூடாது என்று நிபுன் சக்சேனா வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சிறார் என்றால், பள்ளியின் பெயரும் தெருவின் பெயரும்கூடக் கூடாது. அரங்க உரை பதிவாகிறதா, நேரலையில் போகிறதா என்று அமைப்பாளரிடம் முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

சாதியை ஒற்றை வரியில் இனப்பாகுபாடு என்பது

இனப்பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கையின் முதல் உறுப்பில் உள்ள "வம்சாவளி" என்பதற்குள் சாதியும் அடங்கும் என்று அதன் குழு 2002-இல் தன் 29-ஆம் பொதுப் பரிந்துரையில் சொன்னது. இந்திய அரசு அதை ஏற்கவில்லை. நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும் சரி, எதிர்வாதம் ஒன்று இருப்பதைச் சொல்லாமல் பேசினால், கேள்வி நேரத்தில் அதை இன்னொருவர் சொல்வார். நீங்கள் ஒளித்ததாகவே அது தெரியும்.

அதைவிடப் பெரிய குறை, மேற்கோள்களிலேயே நின்றுவிட்டு நம் வட்டாரத்தின் பதிவுகளைக் கொண்டுபோகாதது. அரசமைப்பின் 243டி உறுப்பு ஊராட்சித் தலைவர் பதவிகளில் பட்டியல் சாதியினருக்கு இட ஒதுக்கீடு தந்த பிறகும், பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் 1996 தொடங்கிப் பத்தாண்டுகள் முறையான தலைவர் அமர முடியாமல், 2006 அக்டோபரில்தான் தேர்தல் நடந்தது. பட்டியல் சாதியைச் சேர்ந்த மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997-இல் கொல்லப்பட்டார். இவை அனைத்தும் பொதுப் பதிவுகள். எந்தச் சாட்சிக்கும் இன்று இவற்றால் பங்கம் வராது. அதேபோல, ஆண், பெண் என்ற இரண்டிலும் தெளிவாக அடங்காத உடற்கூறுடன் பிறக்கும் இடையிலிங்கக் குழந்தைகளுக்கு அவசியமற்ற பாலின மாற்று அறுவைச் சிகிச்சை கூடாது என்று மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் அருண்குமார் வழக்கில் சொன்னதும், அதே ஆண்டு தமிழ்நாடு அரசு அதற்கு அரசாணை பிறப்பித்ததும் வெளிநாடுகளில் ஆர்வத்தோடு கேட்கப்படும் செய்திகள். நம் ஜூனியர்களில் பலர் அந்தத் தீர்ப்பை அங்கே போன பிறகுதான் கேள்விப்படுகிறார்கள் என்பது வேதனை.

பழைய பிரிவு எண்கள்

2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் ஆகிய மூன்றும் மாறிவிட்டன. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் சேர்த்தே கொடுங்கள்.

அரசு ஊதியமும் வெளிநாட்டு உபசரிப்பும்

அரசுக் கல்லூரி ஆசிரியரோ அரசு ஊழியரோ என்றால், விமானச் செலவையும் தங்குமிடத்தையும் வெளிநாட்டு நிறுவனம் ஏற்பதற்கு, வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். திரும்பி வந்த பிறகு எந்த அனுமதியும் முன் அனுமதி ஆகாது.

அவர்கள் இங்கே வரும்போது

பரிமாற்றம் என்றால் அங்கிருந்தும் ஆட்கள் வருவார்கள். சுற்றுலா விசாவில் வந்தவரை வேனில் ஏற்றிக் கிராமத்துக்குக் கூட்டிப்போய்ப் பேட்டி எடுக்க வைப்பது, அவருக்கும் அழைத்தவருக்கும் ஒருங்கே தொல்லை. கள ஆய்வுக்கு ஆய்வு விசா, கருத்தரங்குக்குக் கருத்தரங்கு விசா என்று தனித்தனியே இருக்கின்றன. அழைப்புக் கடிதத்தை அனுப்பும்போதே எது தேவை என்பதையும் எழுதிவிடுங்கள். விசா சரியாக இருந்தாலும் கிராமத்துப் பயணம் கட்டாயம் அல்ல. மாவட்ட நீதிமன்றத்தில் காலைப் பட்டியல் தொடங்கும் முன் அவரைப் பார்வையாளர் இருக்கையில் உட்காரவைத்து, தமிழில் நடப்பதைத் தாளில் எழுதிக் காட்ட ஒரு ஜூனியரைப் பக்கத்தில் அமர்த்துங்கள். அழைப்பும் வாய்தாவும் ஒத்திவைப்பும் எப்படி நடக்கின்றன என்பதை மதியத்துக்குள் அவர் பார்த்துவிடுவார். கைப்பேசியை மட்டும் உள்ளே போகும் முன் அணைக்கச் சொல்லுங்கள்.