சத்தம் தடுக்கும் எண்ணை வாசிப்பது எப்படி

தென்னாப்பிரிக்காவில், டர்பனில் சாட்ஸ்வர்த் பக்கம் எங்களுடையது செமி வீடு. 1960களில் நகராட்சி வரிசை வரிசையாகக் கட்டிவிட்ட ரகம். நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் இரவு வேலைக்குப் போகும் ஒரு நர்ஸ் தங்கச்சி. அவருக்குப் பகலில்தான் தூக்கம். என் பேரன் மிருதங்கம் கற்க ஆரம்பித்த மூன்றாவது மாதம் வேலியோரம் நின்று சொன்னார்: “அண்ணா, தா தி தொம் நம் எனக்கே பாடமாகிவிட்டது.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண் சிரிக்கவில்லை.

நான் கடைகளுக்கு அலமாரியும் தடுப்பும் அடிக்கும் தச்சனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தடுப்பு அடிக்கத் தெரியும். அது எவ்வளவு சத்தத்தை நிறுத்தும் என்று அட்டையில் போடும் எண்ணை வாசிக்கத் தெரியாது. அதனால் முதல் இரண்டு முயற்சியும் வீண். உங்களுக்காவது காசு மிஞ்சட்டும் என்று எழுதுகிறேன்.

முதல் முயற்சி, ஒரு கடையில் வாங்கிய கூம்பு கூம்பான பஞ்சுப் பலகை. அட்டையில் 0.85 என்று பெரிதாகப் போட்டிருந்தது. “85 சதவீதம் சத்தம் போய்விடும்” என்றார் விற்றவர். பக்கியில் (சின்ன சரக்கு வண்டியில்) ஏற்றிவந்து நடுச்சுவர் முழுக்க ஒட்டினேன். அறைக்குள் எதிரொலி அடங்கி மிருதங்கம் ரொம்ப சுத்தமாகக் கேட்டது. தங்கச்சி வீட்டிலும் அப்படியே கேட்டது.

அந்த 0.85 வேறு வகை எண். அதன் பெயர் என்.ஆர்.சி. அறைக்குள் சுற்றும் ஒலியை ஒரு பொருள் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று 250, 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் ஆகிய நான்கு சுருதிகளில் அளந்து சராசரி எடுத்துப் போடுவது. சுவர் தாண்டி எவ்வளவு போகிறது என்பதைப் பற்றி அது வாயே திறக்காது. பஞ்சுக்குள் காற்று நுழையும், காற்றோடு ஒலியும் நுழையும். தடுக்க வேண்டுமென்றால் எடை வேண்டும். முட்டை அட்டை ஒட்டுகிறவர்களுக்கும் இதே பதில்தான். எண் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே இருந்தால் அது உறிஞ்சும் கணக்கு. 30, 45, 52 என்று இருந்தால்தான் தடுக்கும் கணக்கு. கடையில் முதலில் இதைப் பாருங்கள்.

தடுக்கும் கணக்குக்கு இரண்டு பெயர் உண்டு. அமெரிக்கச் சரக்கில் எஸ்.டி.சி. என்று இருக்கும், ஏ.எஸ்.டி.எம். இ413 என்ற தரத்தின்படி போடுவது. ஐரோப்பிய வழி வருவதில் ஆர்.டபிள்யூ. என்று இருக்கும், அது ஐ.எஸ்.ஓ. 717. இங்கே நம் ஊர்க் கடைகளில் இரண்டும் கலந்து கிடக்கும். பெரும்பாலான சுவர்களுக்கு இரண்டும் ஒன்றிரண்டு புள்ளி வித்தியாசத்தில் வந்து நிற்கும், அதனால் குழம்ப வேண்டாம்.

எண் எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் அதை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரிந்துவிடும். ஆய்வுக்கூடத்தில் இரண்டு அறைகளுக்கு நடுவே சுவரை நிறுத்தி, ஒரு பக்கம் இரைச்சலைப் போட்டு, மறுபக்கம் எவ்வளவு குறைந்தது என்று 16 சுருதிப் பட்டைகளில் அளக்கிறார்கள். எஸ்.டி.சி.க்கு 125 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை, ஆர்.டபிள்யூ.வுக்கு 100 முதல் 3150 வரை. கிடைத்த கோட்டின் மேல் ஒரு மாதிரிக் கோட்டை வைத்து ஏற்றிக்கொண்டே போகிறார்கள். அளந்த கோடு மாதிரிக் கோட்டுக்குக் கீழே விழும் பள்ளங்களைக் கூட்டினால் 32 டெசிபலைத் தாண்டக்கூடாது. எஸ்.டி.சி.யில் எந்த ஒரு பட்டையிலும் 8 டெசிபலுக்கு மேல் பள்ளம் இருக்கவும் கூடாது. அதற்கு மேல் ஏற்ற முடியாத இடத்தில், மாதிரிக் கோடு 500 ஹெர்ட்ஸில் எங்கே நிற்கிறதோ அதுதான் எண்.

இதில் நமக்கு வேண்டியது ஒரு விஷயம். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அடிச்சுருதியில், என்ன நடந்தாலும் இந்த எண்ணுக்குத் தெரியாது. பேச்சுச் சத்தத்துக்கு இது போதும். எஸ்.டி.சி. 25 உள்ள தடுப்பில் பக்கத்து அறையில் சாதாரணமாகப் பேசுவது வார்த்தை வார்த்தையாகப் புரியும். 35இல் குரல் கேட்கும், வார்த்தை பிடிபடாது. 50இல் கத்தினால்கூட லேசாகத்தான் வரும். ஆனால் மிருதங்கத்தின் தொப்பிக்கு, அதாவது கனத்த சத்தம் வரும் இடது முகத்துக்கு, இந்தக் கணக்கு செல்லாது. வலது முகமான வலந்தலையின் நாதத்தைச் சுவர் நிறுத்திவிடும். தொப்பியின் கும்கி என்ற அடிநாதம் எண்ணுக்குக் கீழே குனிந்து புகுந்துவிடும்.

அதனால் ஆர்.டபிள்யூ. எண்ணுக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் இரண்டு சின்ன எண்கள் இருந்தால் தாண்டிப் போகாதீர்கள். 52 (−2, −7) என்று இருக்கிறது என்று வையுங்கள். இரண்டாவது எண்ணுக்கு சி.டி.ஆர். என்று பெயர். லாரி இரைச்சல் மாதிரி அடித்தொண்டைச் சத்தத்துக்கு எவ்வளவு கழிக்க வேண்டும் என்று சொல்வது அது. 52இல் 7 போனால் 45. மிருதங்கம், டோலக், ஹிகின்சன் நெடுஞ்சாலை லாரி, கரண்டு போனதும் பக்கத்தில் உறுமும் ஜெனரேட்டர், எல்லாவற்றுக்கும் 45தான் உங்கள் எண். 52 இல்லை. கரண்டு வெட்டு உச்சத்தில் இருந்த 2023இல் இந்தத் தெருவில் இதைத் தெரியாதவர் இருந்திருக்க முடியாது, பெயர்தான் தெரியாது.

சரி, எவ்வளவு வேண்டும்? போனில் அளந்தபோது பேரன் பக்கத்தில் 90 டெசிபலை ஒட்டிக் காட்டியது. போன் அளவு தோராயம்தான், பரவாயில்லை. தூங்குகிறவருக்கு அறைக்குள் எவ்வளவு இருக்கலாம்? தென்னாப்பிரிக்காவின் சான்ஸ் 10103 தரத்தில், போக்குவரத்து குறைந்த புறநகர் வீட்டுக்குள் இரவு நேரத்துக்கு 30 டெசிபல் என்று இருக்கிறது. 90இல் 30 போனால் 60. எங்கள் நடுச்சுவர் இருபக்கமும் பூசிய ஒற்றைச் செங்கல். அந்த மாதிரிச் சுவர் 45 பக்கம் நிற்கும். குறை 15. பத்து டெசிபல் குறைந்தால் காதுக்குச் சத்தம் பாதியானது போலத் தோன்றும். எடையை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது ஏறக்குறைய 6தான். வெறும் எடையால் 15 எடுக்க வேண்டுமென்றால் சுவரை ஆறு மடங்கு கனமாக்க வேண்டும், வீடு தாங்காது.

இங்கேதான் இரண்டாவது தப்பைச் செய்தேன். நடுச்சுவரில் கூரைக்கு அடிக்கும் 38 மில்லிமீட்டர் பிராண்டரிங் கட்டைகளை அறைந்து, அதன் மேல் ஒரே ஒரு ரைனோபோர்டு, அதாவது ஜிப்சம் பலகை, அடித்தேன். தச்சன் கண்ணுக்கு அழகான வேலை. மறுநாள் தங்கச்சி, “அண்ணா, இப்போது தொம் மட்டும் கூடிவிட்டதே!” என்றார். நான் நம்பவில்லை. அவர் வீட்டில் போய் உட்கார்ந்து கேட்டேன். கூடித்தான் இருந்தது.

பலகை ஒரு எடை, நடுவில் அடைபட்ட காற்று ஒரு ஸ்பிரிங். இரண்டும் சேர்ந்தால் தனக்கென்று ஒரு சுருதியில் ஆடும். அந்தச் சுருதியில் வரும் ஒலியைத் தடுக்காமல் கூட்டிவிடும். கணக்கு சுலபம்: ஒரு சதுர மீட்டர் பலகையின் எடையைக் கிலோவில் எடுத்து, இடைவெளியை மீட்டரில் போட்டுப் பெருக்குங்கள். வர்க்கமூலம் எடுத்து, 60ஐ அதனால் வகுங்கள். பலகை 10 கிலோ, இடைவெளி 0.038 மீட்டர், விடை 97 ஹெர்ட்ஸ். தொப்பி அடிக்கும் இடத்திலேயே கொண்டுபோய் மேடை போட்டுக் கொடுத்திருக்கிறேன்! அதையே 15 மில்லிமீட்டர் பலகை இரண்டு அடுக்கு, சேர்த்து 22 கிலோ என்றும், இடைவெளி 90 மில்லிமீட்டர் என்றும் வைத்தால் விடை 43. தொப்பி தொடாத ஆழத்துக்குப் போய்விடும்.

அப்புறம் பிரித்துவிட்டு இப்படிக் கட்டினேன். தரையிலும் மேலேயும் மட்டும் பிடிமானம் உள்ள தனிச் சட்டம். நடுச்சுவரை ஓர் ஆணிகூடத் தொடவில்லை. உள்ளே கண்ணாடிக் கம்பளி, அமுக்காமல், தளர்வாக. மேலே இரண்டு அடுக்கு ரைனோபோர்டு, முதல் அடுக்கின் மூட்டு இரண்டாவதின் மூட்டோடு ஒன்றாக விழாமல். ஓரமெல்லாம் காய்ந்தாலும் இறுகாத சீலன்ட். பிளக் பெட்டி அந்தச் சுவரிலேயே வேண்டாம், வேறு சுவருக்கு மாற்றிவிடுங்கள்.

இன்னும் ஒரு வழி மிச்சம் இருந்தது. சீலிங் பலகைக்கு மேலே ஏறிப் பார்த்தால் நடுச்சுவர் கூரை வரை போகவே இல்லை. அவர் வீட்டுக் கூரைப் பொந்தும் எங்களுடையதும் ஒன்றே. சுவரில் எந்த எண் எழுதியிருந்தால் என்ன, ஒலி மேலே ஏறி இறங்கிவிடும். ஆய்வுக்கூட எண்ணில் இந்தச் சுற்றுவழி கிடையாது, அதனால் வீட்டில் அளந்தால் ஐந்து புள்ளி குறைவது சகஜம். இரண்டு வீட்டாரும் பேசி, அந்த இடைவெளியைப் பலகையும் கம்பளியும் வைத்து அடைத்தோம். ஒரு எச்சரிக்கை: அந்தக் காலத்து ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடு உங்கள் வீட்டில் இன்னும் இருந்தால் அதைத் துளைக்காதீர்கள், அறுக்காதீர்கள், தேய்க்காதீர்கள். அனுமதி பெற்ற ஆளைக் கூப்பிடுங்கள்.

எங்கள் வீட்டுக்குள்ளேயே ஒரு வழக்கு இருந்தது. பயிற்சி அறைக்கும் ஹாலுக்கும் நடுவே உள்ள சுவரைத் தாண்டி வரும் சத்தத்தில் என் மனைவிக்கு சீரியல் வசனம் கேட்பதில்லை. அந்தச் சுவரையும் கனமாக்கு என்றாள். கணக்குப் போட்டுக் காட்டினேன். சுவர் 10 சதுர மீட்டர், 45. கதவு 2 சதுர மீட்டர், உள்ளே வெற்றான கதவு, 20. இரண்டும் சேர்ந்தால் 28. சுவரை 50ஆக உயர்த்தினாலும் அதே 28. சுவரைத் தொடாமல் கதவை மட்டும் நல்ல ரப்பர் ஓரத்தோடு கட்டிக்கதவாக மாற்றி 30ஆக்கினால் 37. எப்போதும் மிகச் சின்ன எண் உள்ள துண்டிலிருந்து ஆரம்பியுங்கள்.

துண்டு என்றால் சந்தும் ஒரு துண்டுதான். கதவுக்கு அடியில் 80 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர் சந்து இருந்தால் 120 சதுர சென்டிமீட்டர். மொத்தப் பரப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அது ஒன்றே முழுச் சுவரையும் 30க்கு மேல் ஏறவிடாது, மற்றதெல்லாம் கோட்டைச் சுவராக இருந்தாலும். இரவில் அறையை இருட்டாக்கி, ஹாலில் விளக்கைப் போட்டு, உள்ளே நின்று பாருங்கள். வெளிச்சம் வரும் இடமெல்லாம் ஒலியும் வரும். சன்னலுக்கும் இதே சோதனைதான். டர்பன் வெயில் காலத்தில் சன்னலைத் திறந்து வைத்துவிட்டுச் சுவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பயிற்சி நேரத்தில் மூடுங்கள், காற்றாடி போட்டுக்கொள்ளுங்கள்.

மாடி வீட்டில் இருப்பவர்கள் மேல்வீட்டுக் காலடிச் சத்தத்துக்கு எஸ்.டி.சி. பார்க்காதீர்கள். அதற்கு ஐ.ஐ.சி. என்று தனி எண் உண்டு, அது கூடினால் நல்லது. ஐரோப்பிய முறையில் எல்.என்.டபிள்யூ. என்று வந்தால் அது குறைந்தால் நல்லது, தலைகீழ்.

இப்போது தங்கச்சி வீட்டில் வலந்தலை கேட்பதே இல்லை. தைப்பூசக் காவடிக்கு முன் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து வாசித்தால் தொப்பி மட்டும் சுவரில் காது வைத்த மாதிரி லேசாக வருகிறதாம். அவர் எழுந்து டீ போடுவது நாலு மணிக்கு. பாடத்தை நாலரைக்கு மாற்றிவிட்டோம்.